பூஜை போட்ட பெட்டிகள்

எங்கள் முதலாளி தருமனுக்குக் கம்ப்யூட்டர் என்றால் என்னவென்று கடைசிவரை தெரியாது. தெரியாததற்காக வெட்கப்படுகிற பழக்கமும் அவரிடம் கிடையாது. போளூர் ரோட்டில் அவருக்கு ஒரு பால் பண்ணை இருந்தது. பண்ணை என்றதும் மாடு நிற்கும் என்று நினைக்க வேண்டாம். சுற்றுப்பட்டு நூறு ஊர்களிலிருந்து வேனில் வருகிற பாலைத் தொட்டியில் ஊற்றி, குளிர வைத்து, சென்னைக்கு அனுப்புகிற இடம். அதில் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அருணாதேவி, எம்.சி.ஏ. ஆறு வருஷமாக அங்கேதான் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த அறையில் ஆள் இடுப்பு உயரத்துக்கு ஏழு சர்வர்கள் இருந்தன. சர்வர் என்றால் ஆபீஸ் முழுவதற்கும் கணக்கு வழக்கு பார்க்கிற பெரிய கம்ப்யூட்டர். எந்த ஊரிலிருந்து எத்தனை லிட்டர் வந்தது, கொழுப்பு எவ்வளவு என்று பார்த்து வைக்க ஒன்று போதும். அது படுத்துவிட்டால் மாற்றுக்கு இன்னொன்று. ஆக இரண்டு. மீதி ஐந்தும் என்ன செய்தன என்று கேட்டால் பதில் சுலபம். கரண்ட் சாப்பிட்டன. சாப்பிட்டதைச் சூடாக வெளியே விட்டன. அந்தச் சூட்டை ஆற்ற இரண்டு பெரிய ஏசி ராத்திரி பகலாக ஓடின, அவையும் சாப்பிட்டன.

ஐந்தும் எப்படி வந்தன? ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை முதலாளி ஒரு புது மிஷின் எடுப்பார். ஒரு வருஷம் மகள் கல்யாணச் சந்தோஷத்தில் கூடுதலாக ஒன்று. புது மிஷின் என்பது அவர் வாய்க்குத்தான் புதுசு. சென்னையில் ஏதோ கம்பெனி கழித்துக் கட்டியதை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வருவார். ஐயரை வரவழைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, தன் கையாலேயே பட்டனை அமுக்குவார்.

"இதுக்கு என்ன வேலைங்க குடுக்கறது?" என்று முதல் தடவை கேட்டேன்.

"நீ ஓட வுடும்மா. வேலை தானா வரும்" என்றார்.

வரவில்லை. அடுத்த வருஷம், வேலையில்லாததை நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "பூஜை போட்டு ஏத்தினத அணைக்கறதா? தீபத்த ஏத்திட்டு நாமளே ஊதி வுடுவமா? நீ எந்த ஊர்ல இருக்கற, அது ஞாபகம் இருக்குதா இல்லியா?" என்றார். மலையடியில் பிறந்த எனக்கு எந்த ஊரில் இருக்கிறேன் என்று அவர் சொல்லித்தர வேண்டியிருந்தது. அந்த ஐந்து தகர டப்பாவும் அண்ணாமலையார் தீபத்துக்குச் சமானமாம். நான் தலையில் அடித்துக்கொண்டேன், மனசுக்குள்தான்.

பண்ணைக்கு யார் வந்தாலும் அவர் முதலில் காட்டுவது பால் தொட்டியை அல்ல, இந்த அறையைத்தான். கதவைத் திறந்து, பச்சை விளக்குகள் மினுக் மினுக்கென்று மின்னுவதைக் காட்டி, "எல்லாம் ஓடிக்கினே இருக்குது பாரு" என்பார். செங்கம் ரோட்டில் கஃபே வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரம்மா பன்னீர் ஆர்டர் கொடுக்க வந்தார். அவரையும் விடவில்லை. "ஹியர், ஹியர், ஓம் சவுண்ட்" என்று ஃபேன் இரைச்சலைக் காட்டினார். அந்த அம்மாவும் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்றார். நான் பக்கத்தில், தரை துடைக்க எடுத்த பினாயில் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் முதலாளி அங்கேதான் நாற்காலி போட்டு, ஏசிக்கு நேரே வாயைத் திறந்துகொண்டு தூங்குவார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகத்தான் இருந்தது, 2008-இல் மின்வெட்டு வருகிற வரைக்கும்.

தினமும் மூன்று மணி நேரம் கரண்ட் போனது. பண்ணையில் ஒரே ஒரு பழைய ஜெனரேட்டர். அதை ஓட்டுகிறவர் மூர்த்தி அண்ணன். பதினெட்டு வருஷமாக அதே மிஷினோடு மல்லுக்கட்டி, காது பாதி மந்தமாகிப் போன மனிதர். ஜெனரேட்டரால் பால் குளிர்விக்கிற கம்ப்ரஸரை இழுக்க முடியும். என் அறையை இழுக்க முடியும். இரண்டையும் சேர்த்து இழுக்க முடியாது. கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகிற நேரத்தில் மூச்சு முட்டி, டப்பென்று ட்ரிப் ஆகிவிடும்.

ஆடி மாசம் ஒரு மத்தியானம் அப்படி மூன்று தடவை ட்ரிப் ஆனது. மூர்த்தி அண்ணன் கரிக் கையோடு ஓடி வந்தார்.

"தேவிம்மா, உன் ரூம்ல எதுனா நாலு பெட்டிய நிறுத்தும்மா. பாலு சூடேறிக்கினு போவுது."

முதலாளி நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிச் சொன்னேன்.

"பாலு அதும்பாட்டுக்கு இருக்கும். கம்ப்யூட்டரு நின்னா கம்பெனியே நின்னுடும். கம்ப்ரஸர நிறுத்தச் சொல்லு, கரண்டு வந்ததும் போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

கரண்ட் அன்றைக்கு ஐந்து மணி நேரம் கழித்து வந்தது. நாலாயிரம் லிட்டர் திரிந்து போயிருந்தது. தொட்டியின் வாயைத் திறந்து சாக்கடையில் விட்டோம். கட்டி கட்டியாகப் போனது. அதில் அடி அண்ணாமலையிலிருந்து என் அம்மா காலையில் இரண்டு மாட்டில் கறந்து ஊற்றிய ஒன்பது லிட்டரும் இருந்தது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து கறந்த பால். வேலையே செய்யாத ஐந்து பெட்டி குளுகுளுவென்று இருக்க வேண்டும் என்பதற்காக, பால் வெயிலில் வெந்து செத்தது.

பழி யார் மேல் விழுந்தது என்று சொல்லவும் வேண்டுமா?

"மிஷின ஒழுங்கா வெச்சுக்கத் தெரியல உனக்கு. இன்னொரு வாட்டி பாலு திரிஞ்சுதுனா வேலைய வுட்டுட்டுப் போய்க்கினே இரு" என்று எல்லோர் முன்னாலும் மூர்த்தி அண்ணனைப் பார்த்துக் கத்தினார் முதலாளி.

மூர்த்தி அண்ணன் கரிக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். அப்புறம் ஜெனரேட்டர் ஷெட்டில் என்னிடம் சொன்னார்: "ஐம்பத்திரண்டு வயசுல, காது கேக்காதவனுக்கு எவன் வேலை குடுப்பான்? சின்னவ பத்தாவது படிக்கறா." அவ்வளவுதான் சொன்னார். நான் அன்றைக்கே கிளாம்ப் மீட்டரை எடுத்தேன். ஒயரைச் சுற்றிக் கவ்வவிட்டால் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று காட்டுகிற கருவி. ஒவ்வொரு பெட்டியாக அளந்தேன். முழுமூச்சாக வேலை செய்த சர்வர் நானூறு வாட் இழுத்தது. சும்மா உட்கார்ந்திருந்தது முன்னூற்று முப்பது. சும்மா இருப்பதற்கு இவ்வளவு சாப்பாடு என்றால் அதை மனுஷர்களில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினேன். ஐந்தை நிறுத்தி ஒரு ஏசியையும் நிறுத்தினால், ஜெனரேட்டர் கம்ப்ரஸரையும் சேர்த்து இழுக்கும் என்று கணக்கோடு முதலாளியிடம் நீட்டினேன்.

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கரண்டு ஜாஸ்தி ஆவுது, அதானே சொல்ற? அதுக்குத்தான் மெட்ராஸ்ல இருந்து ஆளக் கூப்பிட்டிருக்கேன்" என்றார்.

வந்தான் விமல்ராஜ். மின்சிக்கன ஆலோசகர். ஆடி வெயிலில் கழுத்தில் டை. மூன்று நாள் லாட்ஜில் தங்கி, என் தாளை வாங்கிப் பார்த்துக்கொண்டு, நாற்பது பக்கத்தில் இங்கிலீஷில் ஓர் அறிக்கை கொடுத்தான். அட்டையில் பச்சை இலை படம். விஷயம் இவ்வளவுதான்: புது மாதிரி சர்வர் ஒன்று வாங்கினால் அது ஏழு பெட்டி வேலையையும் தனியாகச் செய்யும், ஒரு பெட்டி கரண்ட்தான் சாப்பிடும். பொய்யில்லை. அந்த மிஷின் நல்ல மிஷின்தான், அதை நானே ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'பழையவற்றை நிறுத்திவிடவும்' என்ற வரியை முப்பத்தெட்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் புதைத்து வைத்திருந்தான்.

"இத அவர்கிட்ட வாயால சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

அவன் குரலைத் தாழ்த்தினான். "மேடம், பொட்டு வெச்ச மிஷினை நிறுத்துங்கன்னு சொன்னா எனக்கு செக் வருமா?"

முதலாளி முப்பத்தெட்டாம் பக்கம் வரைக்கும் போகவில்லை. அட்டையில் இருந்த இலை அவருக்குப் பிடித்துப்போனது. உடனே வாங்கிப் போட்டாரா என்றால் அதுவும் இல்லை. ஆடியில் நல்ல காரியம் கூடாது, ஆவணி பிறக்கட்டும் என்றார். ஆவணி முதல் முகூர்த்தத்தில் எட்டாவது பெட்டி வந்து இறங்கியது. மாலை, தேங்காய், கற்பூரம். கரண்டை மிச்சம் பிடிக்க வந்த மிஷின், ஏற்கனவே தின்றுகொண்டிருந்த ஏழோடு எட்டாவதாகப் பந்தியில் உட்கார்ந்தது.

அன்றைக்கே ஜெனரேட்டர் ட்ரிப் ஆனது. மூர்த்தி அண்ணன் மொபெட்டில் ஐஸ் ஃபேக்டரிக்குப் பறந்து போய், பார் ஐஸ் வாங்கி வந்து, கேன்களைச் சுற்றி அடுக்கி, எப்படியோ பாலைக் காப்பாற்றினார். கை இரண்டும் மரத்துப் போய் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணா, நாளைக்கு முதலாளி ஆரணிக்குக் கிரகப்பிரவேசம் போறாரு. நீங்க என் ரூமுக்கு வாங்க. ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக்கினு வாங்க" என்றேன்.

விவரம் சொன்னதும் அவருக்கு வேர்த்துவிட்டது. "தெரிஞ்சா ரெண்டு பேரும் காலி, தேவிம்மா."

"தெரியாதுண்ணா. ஆறு வருஷமா அவர் பார்த்தது லைட்ட மட்டும்தான்."

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆரம்பித்தோம். எல்லா வேலையையும் புது மிஷினுக்கு மாற்றினேன். பழசில் ஒன்றை மட்டும் மாற்றுக்கு வைத்துக்கொண்டு, மீதி ஆறையும் ஒவ்வொன்றாக நிறுத்தினேன். ஆறு வருஷமாகக் காதைக் குடைந்த இரைச்சல் ஆறு படியாக இறங்கியது. மழை விட்ட மாதிரி இருந்தது. மூர்த்தி அண்ணன் தேரடித் தெருவில், விசேஷ வீட்டில் கட்டுகிற சீரியல் செட் வாங்கி வந்திருந்தார், பச்சை பல்பு மட்டும் உள்ளதாக.

"கடைக்காரன் காதுகுத்தான்னு கேக்கறான். ஆமாப்பா, ஒரு பெரியவருக்குன்னு சொல்லிட்டேன்" என்றார்.

ஆறு பெட்டிகளின் முன்மூடியையும் கழற்றி, உள்ளே சீரியல் பல்பைத் தொங்கவிட்டு மூடினோம். சல்லடைக்குப் பின்னால் பச்சை விளக்கு மினுக் மினுக்கென்று, முன்னைவிட ஜோராகவே மின்னியது. ஓம் சத்தத்துக்கு மூலையில் ஒரு பழைய டேபிள் ஃபேன். ஒரு ஏசியை நிறுத்திவிட்டு, மற்றதை அவர் நாற்காலிக்கு நேரே திருப்பி வைத்தேன்.

சாயங்காலம் முதலாளி வந்தார். கதவைத் திறந்து பார்த்தார். "ஓடுது" என்று திருப்தியாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஜெனரேட்டர் ஒரு தடவைகூட ட்ரிப் ஆகவில்லை. கரண்ட் போன நேரமெல்லாம் கம்ப்ரஸரும் ஓடியது, கம்ப்யூட்டரும் ஓடியது. ஒரு சொட்டுப் பால் திரியவில்லை.

அந்த மாசக் கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு முதலாளி துள்ளிக் குதித்தார். "ஒரு மிஷினு சேர்த்தேன், கரண்டு கம்மியாச்சு! எங்கியாச்சும் கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் கேட்டார். நானும் கேள்விப்பட்டதில்லை. எட்டுப் பேர் சாப்பிடும்போது ஆகிற அரிசி ஏழு பேரைவிடக் கம்மி என்று சொன்னால் சின்னப் பிள்ளைகூட முறைக்கும். இவருக்கு அது அதிசயமாகத்தான் பட்டதே தவிர சந்தேகமாகப் படவில்லை.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் என்னைக் கூப்பிட்டார். பூஜைக்குப் பால் வியாபாரிகள் சங்கத்துக்காரர்கள் எல்லாரும் வருகிறார்களாம். விமல்ராஜுக்குப் பொன்னாடையாம். அப்புறம் சாதாரணமான குரலில் இதையும் சொன்னார்: "ஜெனரேட்டரு இப்ப தொல்லையே குடுக்கறதில்ல. கரண்டு போனா தானா ஸ்டார்ட் ஆவற மாதிரி ஒரு பெட்டி மாட்டித் தரேன்னு விமல்ராஜ் சாரு சொல்றாரு. பூஜை முடிஞ்சதும் மூர்த்தியக் கணக்கு முடிச்சு அனுப்பிடலாம். மிச்சம் புடிக்கறதுனா முழுசா புடிக்கணும்."

எனக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினாற்போல் இருந்தது. ட்ரிப் ஆனால் மூர்த்தி அண்ணன் வேலை போகும் என்றுதான் இத்தனை கூத்தும் அடித்தோம். இப்போது ட்ரிப் ஆகாததால் வேலை போகிறது. அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொல்லியும் விட்டேன். "வுடும்மா, பாலாச்சும் தப்பிச்சுதே" என்றார் அந்த மனிதர். அதைக் கேட்டதும் எனக்கு அழுகைதான் வந்தது. முதலாளியைக் கழுத்தை நெரிக்கலாமா என்றும் வந்தது.

ஆயுத பூஜை அன்று அறை முழுக்கக் கூட்டம். எட்டுப் பெட்டிக்கும் சந்தனம், பொரி, வாழைக்கன்று. சங்கத் தலைவர் ராமகிருஷ்ணன், கட்டைக் குரலும் பெரிய மீசையுமாக முன்வரிசையில் நின்றார். விமல்ராஜ் கூப்பிய கையோடு நின்றான். மூர்த்தி அண்ணன் வாசலில் திருஷ்டிப் பூசணிக்காயோடு காத்திருந்தார். ஐயர் கற்பூரத்தை ஏற்றினார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

இங்கே என் முட்டாள்தனத்தையும் சொல்லியாக வேண்டும். நிஜ சர்வர் இரண்டும் யுபிஎஸ் பேட்டரியில் இருந்தன, கரண்ட் போனாலும் மின்னும். சீரியல் செட்டையும் அதிலேயே சொருகியிருக்கலாம். அலங்கார பல்புக்குப் பேட்டரி எதற்கு என்று கஞ்சத்தனம் பார்த்து, நேரே சுவர் பிளக்கில் கொடுத்திருந்தேன். மின்வெட்டு நேரம் முன்கூட்டியே தெரியும், அந்த நேரத்தில் ஜெனரேட்டர் வருகிறவரை முதலாளியை அறைப்பக்கம் விடாமல் பார்த்துக்கொண்டேன். ஆயுத பூஜை அன்று நேரம் கெட்ட நேரத்தில் போகும் என்று யார் கண்டது? இரண்டு வாட் மிச்சம் பிடிக்கப் போய் மாட்டிக்கொண்டேன்.

எட்டுப் பெட்டியில் ஆறு இருண்டு போயின. கற்பூர வெளிச்சத்தில் எல்லோரும் பார்த்தார்கள்.

"ஐயையோ, அணைஞ்சிடுச்சே!" என்று முதலாளி அலறினார். ஐயரின் கையில் தட்டு அப்படியே நின்றது. மூர்த்தி அண்ணன் பூசணிக்காயைக் கீழே வைத்துவிட்டு ஜெனரேட்டருக்கு ஓடினார். அதற்குள் ராமகிருஷ்ணன் குனிந்து ஒரு பெட்டியைத் தட்டிப் பார்த்தார், முன்மூடி கையோடு வந்துவிட்டது. உள்ளேயிருந்து சீரியல் செட் சரிந்து பொரித்தட்டில் விழுந்தது. சரியாக அப்போது ஜெனரேட்டர் வந்தது. பொரிக்கு நடுவில் பச்சை பல்புகள் மினுக் மினுக்கென்று மின்னின.

முதலாளி என்னைப் பார்த்தார்.

இனி ஒளிக்க என்ன இருக்கிறது? "இது இப்ப அணையலங்க. நாப்பது நாளைக்கு மேல அணைஞ்சுதான் இருக்குது. ஆறு பெட்டியும். அதனாலதான் கரண்டு கம்மி. அதனாலதான் பாலு திரியல" என்றேன்.

"ரிப்போர்ட்ல சொல்லியிருக்கேன் சார், முப்பத்தெட்டாம் பக்கம்" என்று விமல்ராஜ் பாய்ந்து வந்து சொன்னான். அவன் செக் அவனுக்கு.

ராமகிருஷ்ணன் சீரியல் செட்டைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "யோவ் தருமா, ஆறு மிஷின நிறுத்திட்டு, பாக்கறவன் கண்ணுக்கு லைட்டு! எங்கிட்டயும்தான் நாலு பெட்டி சும்மா கெடக்குது. எப்பா, இது உன் ஐடியாவா?"

முதலாளி ஒரு விநாடிதான் யோசித்தார். நாற்பது நாள் சீரியல் செட்டைக் கும்பிட்டவர் என்று ஊர் சிரிப்பதா, இல்லை... "பின்ன? நான் சொல்லாம இந்தப் பொண்ணு பெட்டி மேல கைய வைக்குமா?" என்றார். கொஞ்சம்கூடக் கூசவில்லை. என்ன ஜென்மமடா இது!

பொய்தான். ஆனால் அது சபையில் சொன்ன பொய். அதை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன்.

"ஆமாங்க, முதலாளிதான் சொன்னாரு. மூர்த்தி அண்ணன்தான் செஞ்சாரு. இதுக்காகவே அவர இனிமே சர்வர் ரூம்லயே நிரந்தரமா வெச்சுக்கறேன்னு முதலாளி சொல்லியிருக்காரு. இன்னிக்கு உங்க முன்னாடி பொன்னாடையும் அவருக்குத்தான்" என்றேன்.

ராமகிருஷ்ணன் கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். முதலாளி என்னை முறைத்த முறைப்பில் பால் திரிந்திருக்கும். ஆனாலும் விமல்ராஜுக்கு வாங்கிய பொன்னாடையை எடுத்து, டீசல் வாடையோடு வாசலில் வந்து நின்ற மூர்த்தி அண்ணன் தோளில் போர்த்தினார். அவருக்குப் பாதி காது கேட்காது. எதற்குப் போர்த்துகிறார்கள் என்று என்னைப் பார்த்துக் கண்ணால் கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அதன் பிறகு மூர்த்தி அண்ணன் சர்வர் ஆபரேட்டர். ஜெனரேட்டரும் அவர்தான். கழுத்தில் போட்டோ வைத்த அட்டைகூடக் கொடுத்தார்கள். காலை ஒன்பதுக்குச் சீரியல் செட்டைப் போடுவார், சாயங்காலம் ஆறுக்கு நிறுத்துவார். ஆமாம், சீரியல் செட்டைக் கழற்றவில்லை. மறுநாளே முதலாளி என்னைக் கூப்பிட்டு, "அந்த லைட்டு இருந்துட்டுப் போவட்டும். வர்றவங்க கேப்பாங்க. யுபிஎஸ்ல குடுத்துடு" என்றார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு மினி லாரியில் இரண்டு பெட்டி வந்து இறங்கின. தூக்கப் போன மூர்த்தி அண்ணன், ஒன்றை ஒற்றைக் கையால் தூக்கிவிட்டுத் திகைத்துப் போனார். முன்மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் தகரம்.

"காலிப் பெட்டியாவே கேட்டு வாங்கினேன்" என்றார் முதலாளி பெருமையாக. "வெல கம்மி, கரண்டும் கம்மி. இதுக்கு நீல லைட்டு போடு."

ஐயர் வந்தார். சந்தனம் வைத்து, தேங்காய் உடைத்தார்கள். முதலாளி தன் கையாலேயே பட்டனை அமுக்கினார். பட்டனுக்குப் பின்னால் ஒரு ஒயரும் கிடையாது. மூலையில் நின்ற மூர்த்தி அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு, பிளக்கைச் சொருகினார்.

"ஓடுது" என்றார் முதலாளி.

"ஓடுதுங்க" என்றேன். பக்கத்துக் கட்டிடத்தில் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. என் அம்மா அன்று காலை ஊற்றிய பால் தொட்டியில் நாலு டிகிரியில் இருந்தது.